வழக்கொழிந்த கருவியும் திருத்துவோர் அறமும்

ஒரு காலத்துச் சொல் மற்றொரு காலத்தில் மறைவதும், அதன் இடத்தில் வேறொன்று தோன்றுவதும் மொழிக்கு இழுக்காகா என நன்னூலார் கொண்டார். சொல் வழக்கொழியும் முறை இயல்பானது. எவரும் கட்டளையிட்டு அதனை ஒழிப்பதில்லை. பேசுவோர் சிறிது சிறிதாக அதனைக் கைவிடுகின்றனர். கருவிகளின் நிலையோ வேறு. பயன்படுத்துவோர் கைவிடாதிருக்கையிலேயே, செய்தோர் “இதற்கு இனி உறுப்புகள் இல்லை” என அறிவித்துவிடுகின்றனர். ஒருவன் கையில் இயங்கிக்கொண்டிருக்கும் பொருள், மற்றொருவன் பட்டியலில் இறந்த பொருளாகிவிடுகின்றது. இவ்விரு தீர்ப்புகளுள் எதனை ஏற்பது? கைவிடப்பட்ட கருவியைத் தொடர்ந்து இயங்கச் செய்தல் கடமையா, சிக்கனமா, அன்றி வெறும் பழமைப் பற்றா? இக்காலத்து அறவியல் ஆராய வேண்டிய வினாக்களுள் இதுவும் ஒன்றாகும்.

பெரிய வினாவைச் சிறிய பொருளிற் பொருத்திப் பார்ப்பது தெளிவு தரும். அத்தகைய சிறிய பொருளொன்று நெகிழ்வட்டு இயக்கி. ‘பிளொப்பி டிரைவ்’ எனப் பலரும் அறிந்தது. காந்தப் பூச்சிட்ட மெல்லிய வட்டத் தகட்டைச் சுழற்றி, அதிலே தரவுகளை எழுதவும் படிக்கவும் செய்யும் உறுப்பு அது. ஐ.பி.எம். நிறுவனம் 1971இல் 8 அங்குல வட்டை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1976இல் ஷுகாட் நிறுவனம் 5.25 அங்குல வட்டையும், 1981இல் சோனி நிறுவனம் 3.5 அங்குல வட்டையும் கொணர்ந்தன. இறுதியாகக் கூறிய வட்டின் பரவலான வடிவம் 1.44 மெகாபைற்று கொள்வது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கப்படும் ஒரு புகைப்படம் பெரும்பாலும் அதனுள் அடங்காது.

கணினிகளிலிருந்து இவ்வியக்கி நீங்கிப் பல்லாண்டுகள் ஆயின. ஆயின் இலத்திரனியற் சோதனைக் கருவிகள் பலவற்றுள் அது இன்றும் இருக்கின்றது. மின் அலையின் வடிவைத் திரையிற் காட்டும் அலைவுகாட்டி, ஓர் அலையினுள் அடங்கிய மீடிறன்களைப் பிரித்துக் காட்டும் பகுப்பாய்வி, எண்முறைச் சுற்றுகளின் நிலைகளைத் தொடரும் தருக்கப் பகுப்பாய்வி என்பன எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இவ்வியக்கியைத் தாங்கி வெளிவந்தன. டெக்ரோனிக்ஸ் நிறுவனத்தின் ரி.டி.எஸ். 3000 வரிசை அலைவுகாட்டிகளில், திரையிற் கண்ட அலையைச் சேமித்து எடுத்துச் செல்ல நெகிழ்வட்டு உதவியது. ஹியூலெட் பக்காட் நிறுவனத்தின் 16500ஏ தருக்கப் பகுப்பாய்வியோ, தான் இயங்குவதற்குரிய மென்பொருளையே நெகிழ்வட்டிலிருந்து படித்துக்கொண்டது. அவ்வட்டு இல்லையேல் கருவி விழிப்பதேயில்லை.

இத்தகைய கருவிகள் நீண்ட ஆயுள் கருதிச் செய்யப்பட்டவை. அவற்றின் அளக்கும் சுற்றுகள் முப்பது ஆண்டுகளின் பின்னரும் நன்கு இயங்குவதுண்டு. முதலிற் பழுதுபடுவது பெரும்பாலும் இயக்கியே. அசையும் உறுப்புகள் அதிலேதான் உள்ளன. உராய்வு நீக்கும் பசை இறுகுகின்றது; படிக்கும் தலையில் அழுக்குப் படிகின்றது; மின்கொள்ளளவிகள் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கின்றன. உப்புக் காற்றும் ஈரமும் மிகுந்த கரையோரங்களில் இவை விரைந்து நிகழ்கின்றன. வட்டுகளிற் பூஞ்சணமும் படர்கின்றது. வட்டுகளைச் செய்துவந்த சோனி நிறுவனம் 2011இல் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. இயக்கிகளும் புதியனவாய்ச் செய்யப்படுவதில்லை. ஆகவே, உடல் நலமாயிருக்க ஓர் உறுப்பின்மையால் மட்டும் இறந்ததாகக் கருதப்படும் கருவிகள் உலகெங்கும் தோன்றின.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து இவ்வினாவை நோக்குதல் பொருந்தும். வாவிக்கும் கடலுக்கும் இடையே எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் மேய்ச்சல் நிலமும் விரிந்த படுவான்கரை. 1978 நவம்பரில் சூறாவளி இப்பிரதேசத்தைச் சிதைத்தது. பின்னர் நீண்ட போர். அதனிடையே 2004 டிசம்பர் 26இல் கடற்கோள். போர்க்காலத்தில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் சென்ற பொருள்கள் சோதனைச் சாவடிகளில் தடைபட்டன. பழுதானதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கலாம் என்னும் உறுதி இன்றி ஒரு தலைமுறை வாழ்ந்தது. கிழிந்த வலையைக் கரையிலிருந்து பொத்தும் மீனவரைப்போலவே, வானொலியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் பொத்திப் பயன்படுத்தும் வழக்கம் இங்கு வேரூன்றியது.

சோனியின் 3.5 அங்குல வட்டு வெளிவந்த அதே 1981இலேதான் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இப்பிரதேசத்தில் உயர்கல்வி நிலையிலான விஞ்ஞானப் போதனையும் அவ்வட்டும் ஏறத்தாழ ஒரே வயதின. இத்தகைய பிரதேசத்திலே ஓர் ஆய்வுகூடத்தைக் கருதுக. அங்கே பழைய அலைவுகாட்டி ஒன்று உள்ளது. மாணவர் பலர் அதன் முன் முறைவைத்து நிற்கின்றனர். இயக்கி பழுதுற்றதால் அலையைத் திரையிற் காணலாம். எடுத்துச் சென்று ஆராய முடியாது. செல்வம் மிக்க ஆய்வுகூடம் அதனைக் கழித்துவிடும். இவ்வாய்வுகூடம் அதனைக் கழிக்குமாயின், அடுத்த கருவி வரும்வரை மாணவர் அளவையியலைப் புத்தகப் படத்திலிருந்தே கற்கநேரும். அவ்விடைவெளியில் ஒரு வகுப்புப் படிப்பை முடித்தே சென்றுவிடலாம். ஆதலின் இயக்கியைத் தேடுதல் இங்கே பொழுதுபோக்காகாது.

மாற்று இயக்கியைத் தேடுவோர்க்கு மூன்று வழிகள் உள. பண்டகசாலைகளில் எஞ்சிக் கிடக்கும் அதே மாதிரியைப் பெறுதல் ஒன்று. இறந்த வேறொரு கருவியிலிருந்து கழற்றிப் பொருத்துதல் மற்றொன்று. இயக்கியைப்போல நடிக்கும் இலத்திரனியற் பலகையைப் பொருத்துதல் மூன்றாவது.

முதலிரு வழிகளும் தோன்றுமளவு எளியவல்ல. வெளித்தோற்றத்தில் ஒன்றெனத் தெரியும் இயக்கிகள் உள்ளே வேறுபடுகின்றன. பொதுவழக்கான இணைப்பு 34 முனைகள் கொண்டது. இடம் சுருங்கிய கருவிகளிலோ 26 முனைகள் கொண்ட மெல்லிய நாடா இணைப்பு இடம்பெறும். தன்னை எத்தனையாவது இயக்கியென அறிவிக்கும் அமைப்பிலும் வேறுபாடுண்டு. 34ஆவது முனை சிலவற்றில் ‘வட்டு மாற்றப்பட்டது’ எனவும், சிலவற்றில் ‘நான் ஆயத்தம்’ எனவும் பொருள்படும். சோனியின் முதற்கால 3.5 அங்குல இயக்கிகள் நிமிடத்திற்கு 600 முறை சுழன்றன. பின்னர் 300 முறையே வழக்காயிற்று. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் கருவி இயக்கியை ஏற்காது. கணினிக் கடையில் ஒரு பழைய இயக்கியை வாங்கிப் பொருத்திவிட்டு, கருவியே கெட்டதென முடிவுசெய்வோர் பலர்.

மூன்றாம் வழியே இன்று பெரிதும் கைக்கொள்ளப்படுவது. ‘கோரெக்’ எனப்படும் மலிவான பலகை ஒருபுறத்தில் யு.எஸ்.பி. நினைவுக்கோலை ஏற்கின்றது, மறுபுறத்தில் வட்டுச் சுழல்வதுபோன்ற துடிப்புகளைக் கருவிக்கு அனுப்புகின்றது. அதனுள் இயங்கும் மென்பொருளைப் பல்வேறு இயக்கிகளின் வழக்கங்களுக்கும் ஏற்பத் தன்னார்வலர் விரித்தெழுதியுள்ளனர். ‘பிளாஷ்பிளொப்பி’ என்பது அவற்றுள் ஒன்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆயின் இவ்வழியிற் செல்வோர் முதலிற் செய்யவேண்டியது வேறொன்று உண்டு. கருவியோடு வந்த மூல வட்டு இன்னும் படிக்கக்கூடியதாயின், அதனை உடனே படியெடுத்தல் வேண்டும். இயக்கிக்கு மாற்று உண்டு. வட்டிலிருந்த மென்பொருள் அழிந்தால் அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது.

இது வறியோரின் இடர் மட்டுமே எனக் கருதுவதும் பிழையாகும். அமெரிக்கப் படையினர் தம் அணுவாயுதக் கட்டளைத் தொடர்பில் 8 அங்குல வட்டுகளை 2019 வரை பயன்படுத்தினர். சான் பிரான்சிஸ்கோ நகரின் சுரங்க இரயிற் கட்டுப்பாட்டு முறை 1998இல் 5.25 அங்குல வட்டுகளோடு நிறுவப்பட்டது; அதனை மாற்றுவதற்கான உடன்படிக்கை 2024இலேதான் ஏற்கப்பட்டது. யப்பானிய அரசு நெகிழ்வட்டிற் சமர்ப்பிக்குமாறு கூறிய தன் விதிகளை 2024இலேதான் நீக்கி முடித்தது. செம்மையாய் இயங்குவதை மாற்றத் தயங்குதல் எங்குமுள்ள இயல்பு. வேறுபாடு யாதெனின், அவர்கள் விரும்பும் நாளில் மாற்றலாம். வாவிக்கரை ஆய்வுகூடம் அவ்வாறு நாள் குறிக்க இயலாது.

நிற்க. உறுப்பை மாற்றிய கருவி பழைய கருவிதானா என்னும் வினா ஈண்டு எழுகின்றது. மரத்தோணியொன்றின் பலகைகளை ஒவ்வொன்றாய் மாற்றிவந்தால் ஈற்றில் எஞ்சுவது அதே தோணியா என்பது மெய்யியலாளரின் பழைய புதிர். சோதனைக் கருவியில் இப்புதிருக்கு ஓரளவு உறுதியான விடை கூறலாம். அளத்தலும் அளந்ததைப் பிறர்க்கு உணர்த்துதலும் கருவியின் இரு தொழில்கள். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒருமுனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்து ‘மீன்பாடும்’ ஓசையைக் கேட்போர் உண்டு. கேட்டது மெய்யேயாயினும், ஒலிப்பதிவு வரும்வரை கேளாதவர்க்கு அதனைக் காட்ட வழியிருக்கவில்லை. செவி அளவை, ஒலிப்பதிவு சான்று. நெகிழ்வட்டு இயக்கி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனை மாற்றுவதால் அலையின் உயரமோ மீடிறனோ மாறுவதில்லை. கருவி கண்டது அதே காட்சி. உரைக்கும் வாய் மட்டுமே புதிது.

இவ்வேறுபாட்டிலிருந்து ஓர் அறக்கட்டளை பிறக்கின்றது. அளக்கும் உறுப்பிலே கைவைக்கும்போது திருத்துவோன் வேறொரு பொறுப்பை ஏற்கின்றான். நியமக் கருவியோடு ஒப்பிட்டுப் பெற்ற திருத்த எண்களைச் சில கருவிகள் சிறு மின்கலத்தாற் காக்கப்படும் நினைவகச் சில்லில் வைத்திருக்கின்றன. இயக்கியை மாற்றக் கருவியைத் திறந்தவர் அச்சில்லையும் அசைத்துவிட்டால், அல்லது அதன் மின்கலம் தீர்ந்துவிட்டால், அவ்வெண்கள் அழிந்துபோகலாம். அதன் பின்னரும் திரை ஒளிரக்கூடும், அலை தெரியும், இலக்கங்கள் தோன்றும், அவை மெய்யாயிரா. இறந்த கருவி எவரையும் ஏமாற்றுவதில்லை. உயிர்பெற்றுப் பிழைகூறும் கருவியோ, அதனை நம்பிய மாணவரையும் அம்மாணவர் பின்னர் திருத்தும் பொருள்களையும் ஒருங்கே பிழைக்கச் செய்யும். எனவே எதை மாற்றினேன், எதைச் சரிபார்த்தேன், எதைச் சரிபார்க்க இயலவில்லை என்பவற்றைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டுதல் திருத்துவோனின் கடமை. சரிபார்க்க இயலாத கருவியை, அது எவ்வளவு அழகாக இயங்கினும், அளவைப் பணியிலிருந்து நீக்குதலும் அவன் கடமையே.

இனி, எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக நோக்குதல் வேண்டும். பழையதைப் பொத்திப் பொத்தி வாழ்வது வறுமையை நிலைநிறுத்தும் என்பர் சிலர். திருத்துவதில் வல்லவராயிருப்போர்க்குப் புதியது வழங்கத் தேவையில்லை என அதிகாரம் உடையோர் எண்ணக்கூடும். பிறர் கழித்தவற்றைக் கொட்டும் இடமாக இப்பிரதேசம் மாறவும் கூடும். நன்கொடை என்ற பெயரில் குப்பை வந்துசேர்வதும் உண்டு. மாணவர் இருபது ஆண்டு பிந்திய கருவியிலே பயின்று, வேலைத்தளத்தில் புதிய கருவியின் முன் திகைக்கவும் நேரிடலாம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. பொறுமையையே பண்பாகப் போற்றி உரிமையை மறக்கச் செய்தல் பழைய தந்திரம். ஆதலின் திருத்துதல் ஒருபோதும் புதிய கருவிக்கான கோரிக்கையின் இடத்தைப் பிடித்தலாகாது. ஒரே மேசையில் இரண்டும் இருக்கலாம்: ஒருபுறம் விண்ணப்பம், மறுபுறம் சுடுகோல். எனினும் இவ்வாதம் ஒன்றை மறக்கின்றது. புதிய கருவியும் ஒருநாள் இதே நிலையை அடையும். இன்று யு.எஸ்.பி. உள்ள இடத்தில் நாளை வேறொன்று இருக்கும். கருவியை மட்டும் பெற்று, திருத்தும் அறிவைப் பெறாதவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கையேந்தியே நிற்பர். பழைய இயக்கியின் 34 முனைகளையும் பொறுமையாகத் தொடர்ந்தறிந்த மாணவன், புதிய கருவியின் முன் நீண்டநேரம் திகைக்கமாட்டான்.

இவ்விடத்தில், இவ்வாவிப் பிரதேசம் உலகுக்குத் தந்த ஒரு பெரியாரை நினைவுகூர்தல் தகும். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் எடுத்துக்கொண்ட பணி, நெகிழ்வட்டு இயக்கி தேடுவோரின் பணியிலும் பன்மடங்கு கடியது. யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. கழற்றிப் பொருத்த உறுப்பில்லை. பார்த்துச் செய்ய மாதிரியில்லை. வாசித்துக் காட்ட ஆளுமில்லை. எஞ்சியிருந்தது எழுத்து மட்டுமே. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையையும் அதன் பழைய உரைகளையும் கொண்டு, நரம்புகளின் தொகையையும் சுரங்களின் விகிதங்களையும் கணித முறையால் ஆராய்ந்து, யாழின் வகைகளை அவர் விளக்கினார். அவ்வாராய்ச்சி ‘யாழ் நூல்’ என 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தருகே அவர் சமாதி உள்ளது.

விபுலாநந்தர் மீட்டது மரமும் நரம்புமாகிய பொருளையன்று. அப்பொருள் எவ்விதியால் இசைத்ததோ அவ்விதியை. நெகிழ்வட்டுப் பலகையைச் செய்தோர் மீட்டதும் அத்தகையதே. சுழலும் தகடில்லை, காந்தமில்லை. இயக்கியும் கருவியும் தம்முள் பேசிக்கொண்ட ஒழுங்கு மட்டும் காக்கப்பட்டுள்ளது. பொருள் அழியும், அதன் ஒழுங்கு அறியப்பட்டிருக்குமாயின் மீண்டும் உடலெடுக்கும். ஆயின் இரண்டிலும் ஒரு முன்நிபந்தனை உண்டு. உரையாசிரியர்கள் நரம்புகளின் முறையை எழுதிவைத்திராவிடின், எத்துணைப் பேரறிவும் யாழை அணுகியிராது. இணைப்பு முனைகளின் பொருள் எங்கும் வெளியிடப்பட்டிராவிடின், மாற்றுப் பலகையைச் செய்வதும் பெரும் இடர்ப்பாடாகியிருக்கும்.

ஆகவே முதலில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். ஒரு கருவியைச் செய்வதை நிறுத்தும் உரிமை செய்தோர்க்கு உண்டு. எவரையும் என்றென்றைக்கும் ஒன்றையே செய்துகொண்டிருக்குமாறு கட்டாயப்படுத்த இயலாது. அதனைப் பற்றிய அறிவை மூடிவைக்கும் உரிமையோ அவர்க்கு இல்லை. விற்ற பொருளோடு அதனைக் காக்கும் வழியையும் ஒப்படைத்தலே நேர்மையான வாணிபம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டெக்ரோனிக்ஸ், ஹியூலெட் பக்காட் முதலிய நிறுவனங்கள் தம் கருவிகளோடு வழங்கிய கைந்நூல்களில் முழுச் சுற்றுப்படமும், உறுப்புகளின் பட்டியலும், சரிபார்க்கும் முறையும் அச்சிடப்பட்டிருந்தன. பிற்காலக் கைந்நூல்கள் பலவோ ‘பலகையை மாற்றுக’ என்பதோடு நின்றுவிட்டன. அப்பலகையும் இன்று கிடைப்பதில்லை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுப் பாவனைப் பொருள்கள் சிலவற்றின் திருத்தத்துக்கு உதவுமாறு உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. ஆய்வுகூடக் கருவிகளுக்கும் இந்நெறி விரியவேண்டும்.

நிறுவனங்களை மட்டும் குறைகூறி அமைதலும் போதாது. அறிவை மூடிவைக்கும் குற்றம் சிறிய அளவில் திருத்துவோரிடத்தும் காணப்படுகின்றது. பல நாள் முயன்று எந்த இயக்கி எந்தக் கருவிக்குப் பொருந்தும் எனக் கண்டவர், தொழில் இரகசியமென அதனைத் தம்மோடு வைத்துக்கொள்வதுண்டு. தம் பிழைப்புக்காக அவர் அஞ்சுவது விளங்கக்கூடியதே. ஆயினும் கூத்தேட்டை எவர்க்கும் காட்டாது பெட்டியிற் பூட்டிவைக்கும் அண்ணாவியாரோடு அக்கூத்தும் முடிந்துபோவதை மட்டக்களப்பார் நன்கறிவர். திருத்திய கருவி பத்தாண்டு உழைக்கலாம். திருத்திய முறையை எழுதிய குறிப்பு அதன்பின்னும் உழைக்கும். அக்குறிப்பு தமிழில் எழுதப்படுமாயின், ஆங்கிலக் கைந்நூலைக் கண்டு பின்வாங்கும் மாணவனுக்கும் அது கைகொடுக்கும்.

கருவியைத் திருத்துதல் எப்போதும் கடமையாகாது. அளவையின் உண்மை கெடாதவிடத்தும், அதனால் ஒருவரேனும் கற்கவோ பயன்பெறவோ கூடியவிடத்தும், புதியது கேட்கும் உரிமையை அது விழுங்காதவிடத்தும் அது கடமையாகும். திருத்தியதை எழுதிவைத்தலோ எப்போதும் கடமையே. திருத்தம் தோல்வியுற்றவிடத்தும் எங்கே தோற்றது என்னும் குறிப்பு அடுத்தவரின் உழைப்பைக் குறைக்கும். வழக்கொழிந்தது எனப் பிறர் எழுதிய தீர்ப்பை ஏற்பதா மறுப்பதா என்பதனை, அக்கருவியைப் பயன்படுத்துவோர் தாமே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டும். அம்முடிவுக்கு வேண்டிய அறிவு அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விடயத்தில் அறம் கேட்கும் குறைந்த அளவாகும்.